பிரிக்கக் கூடாத சாமான்
மூன்றாமாண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை

என் வலது உள்ளங்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. முதலாமாண்டுத் தம்பிகள் அதைப் பார்த்துவிட்டு, வெல்டிங் ஷாப்பில் பட்டதா அண்ணா என்று கேட்பார்கள். இல்லீங்க தம்பி, அது ஒரு பேட்டரி வைத்த சூடு. மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஜி.டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை வரலாறு மட்டும்தான். ஒவ்வொரு வருட மலரிலும் யாராவது ஒருவர் அவரைப் பற்றி எழுதத்தான் செய்கிறார்கள். நானும் எழுதுகிறேன். ஆனால் என் கையில் பட்ட சூட்டையும் அவருடைய கதையையும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே!

சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்றொரு கிராமம். எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்தே போய்விடலாம். 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி கோபால்சாமி நாயுடுவின் மகனாக துரைசாமி பிறந்தது அங்கேதான். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிவந்த பையன் என்று எங்க அப்பாரு ரசித்து ரசித்துச் சொல்வார். (தான் படிக்காமல் போனதற்கும் அதே கதையைத்தான் அப்பாரு சாக்காகச் சொல்வார், அது வேறு விஷயம்.) தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. அப்புறம் தோட்டம், காடு என்று பொழுது போனது.

ஒரு நாள் வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடு பூட்டாமல், காலால் மிதிக்காமல் தானாக ஓடுகிற வண்டி! அதைப் பார்த்த பையனுக்குத் தூக்கம் போச்சு. கோயம்புத்தூருக்கு வந்து ஒரு ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வருடமா, இரண்டு வருடமா! வருடக்கணக்கில் காசு சேர்த்து, கடைசியில் அந்த வண்டியையே விலைக்கு வாங்கிவிட்டார். ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் வண்டி அது. வாங்கியவர் ஊரைச் சுற்றி வந்து பந்தா காட்டவில்லை. அக்கக்காகக் கழற்றிப் போட்டார். எந்தப் பாகம் எதற்கு என்று தானே பார்த்துத் தெரிந்துகொண்டு, திரும்பவும் பூட்டினார்.

வாங்கு, கழற்று, புரிந்துகொள், பூட்டு, அப்புறம் ஓட்டு. நாயுடு அவர்கள் படித்த கல்லூரி இதுதான். நம்மில் பாதிப் பேர் டிப்ளமோவுக்கு வந்ததே வீட்டு ரேடியோவையோ மிக்ஸியையோ கழற்றி அம்மாவிடம் திட்டு வாங்கின தகுதியில்தானே? நானும் அந்த ஜாதிதான். எதையும் கழற்றிப் பார்த்தால் புரிந்துவிடும் என்று நம்பித்தான் மூன்றாமாண்டு வரைக்கும் வந்தேன்.

இப்போது எங்கள் பிராஜெக்ட். கணபதியில் என் நண்பனின் அப்பாவுக்கு ஒரு பேட்டர்ன் ஷாப் இருக்கிறது. ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து கொடுப்பவர். ஒவ்வொன்றிலும் பார்ட் நம்பர் இருக்க வேண்டும். பெயிண்டில் எழுதினால் மணலில் உரசி உரசி நாலு மாதத்தில் அழிந்துபோகிறது. கையில் பிடித்து மரத்தில் சுட்டு எழுதுகிற மாதிரி ஒரு லேசர் செய்துவிட்டால் என்ன? மூன்று பேர் சேர்ந்தோம். 450 நானோமீட்டர் நீல லேசர் டயோடு. ஒன்றரை வாட்டுக்கு மேலே வெளிச்சம் தரக்கூடியது. அரை வாட்டைத் தாண்டினாலே லேசர் நான்காம் வகுப்பில் போய்விடும். நேராகப் பட்டால் மட்டுமில்லை, சுவரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம்கூடக் கண்ணைக் கெடுக்கும் வகுப்பு அது. இதையெல்லாம் நன்றாகவே படித்தோம். லேசரைப் பற்றி நாலு மாதம் படித்த நாங்கள், பேட்டரியைப் பற்றி நாலு நிமிஷம் படிக்கவில்லை. பேட்டரிதானே, கடையில் வாங்கிப் போட்டால் ஆச்சு!

வாங்கினது 18650 என்கிற லித்தியம் அயான் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி பூஜ்யம் உருளை வடிவத்துக்கு. லேப்டாப்பிலும் பவர் பேங்கிலும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் இருக்கிற அதே சைஸ்தான். நீலக் கலர் உறை போட்டு, 9900 எம்.ஏ.எச். என்று பெரிசாக அச்சடித்திருந்தது. விலை ஒரு மட்டன் பிரியாணியை விடக் கம்மி. கடை பேர் வேண்டாம். தப்பு கடைக்காரருடையது மட்டும் இல்லை. அந்த சைஸில் நல்ல கம்பெனிகள் சாதாரணமாக விற்கிற செல்லே 3500 எம்.ஏ.எச். பக்கம்தான் வருகிறது. அதைப் போல மூன்று மடங்கு எப்படி வரும் என்று கேட்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. ஒன்று புதுசு, இன்னொன்று நண்பனின் டார்ச்சில் இருந்த பழசு. இரண்டையும் சீரியலில் போட்டு, லேத்தில் கடைந்த அலுமினியக் குழாய்க்குள் இறக்கி, இரண்டு பக்கமும் ஓ-ரிங் போட்டு, தண்ணி புகாத மாதிரி இறுக்கி மூடினோம். வேலை சுத்தம் என்று லேத் அண்ணனே பாராட்டினார்.

மூன்றாம் நாள் ராத்திரி ரூமில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். முதல் நாள் சார்ஜ் சுத்தமாக இறங்கும் வரைக்கும் ஓட்டி, மறுபடி சார்ஜ் ஏற்றியிருந்தோம். பட்டனை அழுத்தி மரத்தில் ஏழு என்று எழுதினேன். எட்டு எழுதும்போது குழாய் சுட்டது. லேசர் என்றால் சுடத்தானே செய்யும் என்று நினைத்தேன். அடுத்த நொடி உஸ்ஸ்ஸ் என்று குக்கர் மாதிரி ஒரு சத்தம். கையை உதறுவதற்குள் பின்மூடி மரையைப் பிய்த்துக்கொண்டு பறந்து, எதிரே உட்கார்ந்திருந்த நண்பனின் தலைக்கு அரை அடி பக்கத்தில் அலமாரியில் அடித்தது. ரூம் முழுக்கத் தொண்டையைக் கிழிக்கிற புகை. அணைவதற்கு முன்னால் அந்த நீலக் கதிர் ஒரு தரம் சுவரைத் துடைத்துக்கொண்டு போனது. மூன்று பேரில் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தவன் ஒருவன்தான். அது நான் இல்லை.

கண் தப்பியது மூன்று பேருக்கும். என் கை மட்டும் இரண்டு வாரம் கட்டில் இருந்தது.

பேனா பிடிக்க முடியாத அந்த இரண்டு வாரத்தில்தான் அப்பாரு நாயுடு அவர்களின் கதையை எனக்கு முழுசாகச் சொன்னார். நான் லைப்ரரியில் இருந்து புத்தகம் எடுத்து, அவர் சொன்னது சரியா என்று பார்த்துக்கொண்டேன். அப்பாரு கொஞ்சம் மசாலா சேர்ப்பார்.

1920-ல் நாயுடு அவர்கள் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் தானே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே, ரிப்பேர்காரரும் அவரே. அதுதான் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. யு.எம்.எஸ். என்றால் நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றைக்கும் தெரியும். பஸ் சொன்ன நேரத்துக்கு வரும் என்பதே ஒரு அதிசயமாக இருந்த காலத்தில், நேரத்தையும் கணக்கையும் வைத்தே பேர் வாங்கின கம்பெனி அது.

1930-களில் பலமுறை ஐரோப்பாவுக்குப் போய்வந்தார். போன இடத்தில் எல்லாம் கேமராவும் கையுமாகத்தான் இருப்பார். இங்கே பைக்காரா மின்சாரம் 1932-ல் வந்து, கோவை மில் ஊராக வேகம் பிடித்துக்கொண்டிருந்த நேரம். 1937-ல் பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இவருமாகச் சேர்ந்து மின்மோட்டார் செய்து வெளியே கொண்டுவந்தார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். இன்றைக்கு நாடு முழுக்கக் கிணற்றில் இறங்குகிற கோயம்புத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் ஆரம்பம் அதுதான். பின்னால் டெக்ஸ்டூல் தொடங்கினவர் இதே பாலசுந்தரம் நாயுடுதான். நம் துறை மாணவர்கள் ஒர்க்ஷாப்பில் காயில் சுற்றும்போது ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

அவர் செய்த மற்ற சாமான்களை அடுக்கினால் மலரில் இடம் போதாது. மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழிகிற கருவி, மண்ணெண்ணெயில் ஓடுகிற ஃபேன், கள்ள ஓட்டுப் போட முடியாத வாக்குப் பதிவு இயந்திரம். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை இரண்டாயிரம் ரூபாய் விலைக்குக் கொண்டுவந்தார். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை, காரும் நின்றுபோனது. பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி என்று தோட்டத்திலும் விடவில்லை. சர் சி.வி. ராமனே வந்து பார்த்துவிட்டுப் போன தோட்டம்.

இந்தப் பட்டியலில் என்னைக் கட்டிப்போட்டது ஒரே ஒரு சாமான். ரேசண்ட் என்கிற சவர மெஷின். குட்டி மோட்டார், அதை ஓட்ட உலர் மின்கலம். சுவரில் பிளக்கைத் தேட வேண்டியதில்லை. கையில் பிடித்து முகத்தில் வைத்து ஓட்ட வேண்டியதுதான். கட்டுப் போட்ட கையோடு அவினாசி ரோட்டில் இருக்கிற ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். அன்றைக்குப் பூராவும் என் மண்டையில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் கைக்குள்ளே பேட்டரியை வைத்தார், நானும் வைத்தேன். அவருடையது முகத்துக்கே வந்தது. ஒன்றும் ஆகவில்லை. என்னுடையது ஏன் வெடித்தது?

எங்கள் துறைத் தலைவர் மேடம்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். நாயுடு அவர்கள் காலத்து உலர் மின்கலம், 1860-களில் பிரெஞ்சுக்காரர் லெக்லான்ஷே கண்டுபிடித்ததன் வாரிசு. துத்தநாகம், கார்பன் குச்சி, மாங்கனீஸ் டை ஆக்சைடு, பசை மாதிரி அம்மோனியம் குளோரைடு. தண்ணி கலந்த பசை, அதில் தீப்பிடிக்க ஒன்றும் இல்லை. உள்மின்தடையும் அதிகம். இரண்டு முனையையும் கம்பியால் சேர்த்துவிட்டால் சில ஆம்பியர் ஓடி, கொஞ்சம் சூடாகி, தானாகவே சோர்ந்து படுத்துவிடும். நம் தப்பை அதுவே மன்னித்துவிடுகிற செல்.

லித்தியம் அயான் அப்படி இல்லை. நல்ல 18650 செல்லின் உள்மின்தடை 30 மில்லி ஓம் பக்கத்தில். முழு சார்ஜில் 4.2 வோல்ட். வகுத்துப் பாருங்கள், ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியரைத் தாண்டும். நம் வெல்டிங் ஷாப்பில் 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு வைக்கிற கரண்ட் அது! அவ்வளவும் ஒரு விரல் தண்டி உருளைக்குள். உள்ளே செம்புத் தகடும் அலுமினியத் தகடும் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே தலைமுடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். சுற்றிலும் இருக்கிற திரவம் தண்ணி இல்லை, தீப்பிடிக்கிற கரிமக் கரைசல். அந்தத் தாளில் ஓட்டை விழுந்தால் ஷார்ட், ஷார்ட் ஆனால் சூடு, சூட்டில் தாள் இன்னும் உருகும். கோபால்ட் வகையில் அந்தச் சூட்டுக்கு எலெக்ட்ரோடே ஆக்சிஜனை வேறு வெளியே விடும். வெளியிலிருந்து காற்றே வேண்டாம், அடுப்பு உள்ளேயே எரியும்.

எங்கள் ரூமில் நடந்தது என்ன என்றும் மேடமே சொன்னார். இரண்டு செல்லும் ஒரே அளவு இல்லை. பலவீனமானது முதலில் காலியானது. பாதுகாப்பு சர்க்யூட் எதுவும் இல்லாததால் இன்னொன்று அதன் வழியாகக் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருந்தது. காலியான செல் தலைகீழாக சார்ஜ் ஆகி உள்ளே கெட்டுப்போனது. அதை மறுபடி சார்ஜ் ஏற்றி மூடிய குழாய்க்குள் வைத்தால் என்ன ஆகும்? செல்லின் தலையில் வாயு வெளியேற ஒரு வால்வு வைத்துத்தான் செய்கிறார்கள். அது வேலை செய்தது. ஆனால் வாயு போக எங்கள் குழாயில்தான் வழி இல்லை. தண்ணி புகாத மாதிரி மூடினோமே, அதுதான் அதைக் குண்டாக்கியது.

கட்டு அவிழ்த்ததும் நான் செய்ய நினைத்த முதல் வேலை என்ன தெரியுமா? மிச்சமிருந்த நீல செல்லைக் கழற்றிப் பார்ப்பது! ரத்தத்திலேயே ஊறின புத்தி. ஹேக்ஸா பிளேடை எடுத்த கையை மேடம் பிடித்துக்கொண்டார். நாயுடு அவர்கள் ரட்ஜ் வண்டியைக் கழற்றினார், சரி. இதைக் கழற்றக் கூடாது. பிளேடு படுகிற இடத்திலேயே ஷார்ட். கழற்றித்தான் புரிந்துகொள்வேன் என்கிற வித்தை செல்லாத ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிரிக்காமலே உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படி?

நண்பனின் மாமாவுக்குச் செல்வபுரத்தில் நகைப் பட்டறை. அவருடைய தராசில் நீல செல்லை வைத்தோம். 28 கிராம். நல்ல கம்பெனி 18650 செல் 45-லிருந்து 50 கிராம் வரைக்கும் இருக்கும். தங்கத்துக்கு உரைகல் மாதிரி லித்தியத்துக்கு எடை! உள்ளே சரக்கே பாதிதான். அடுத்தது, லேபில் அரை ஆம்பியர் லோடு கொடுத்து எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தோம். செங்கல் மேல் வைத்து, பக்கத்தில் மணல் வாளியோடு, மேடம் முன்னிலையில். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. அதாவது ஆயிரம் எம்.ஏ.எச். கூட இல்லை. உறையில் அச்சடித்திருந்ததில் பத்தில் ஒரு பங்கு.

பிறகுதான் ஒழுங்காகக் கணக்குப் போட ஆரம்பித்தோம். இதைத் தம்பிகள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், பிராஜெக்ட்டில் உதவும். எங்கள் டயோடுக்கு ஏறக்குறைய 4.5 வோல்ட், 1.5 ஆம்பியர். பெருக்கினால் 6.75 வாட். டிரைவர் சர்க்யூட்டின் நஷ்டத்தையும் சேர்த்தால் பேட்டரியிடம் கேட்பது 8 வாட். பேட்டரி சோர்ந்தால் கரண்டும் குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கிற பூஸ்ட் டிரைவரில் கதை தலைகீழ். 4.2 வோல்டில் 1.9 ஆம்பியர் இழுக்கிறது, 3 வோல்டுக்கு இறங்கினால் 2.7 ஆம்பியர் இழுக்கும். செல் களைத்துப்போன நேரத்தில்தான் அதிகமாகச் சுமக்க வேண்டும். அதனால் கணக்கைக் கடைசி நிமிஷத்தை வைத்துத்தான் போட வேண்டும், முதல் நிமிஷத்தை வைத்து இல்லை. கைக்கு அடக்கமாக இருக்கிறது என்று 16340 மாதிரிக் குட்டி செல்லைப் போடலாமா என்று ஒரு யோசனை வந்தது. 700 எம்.ஏ.எச். செல்லிடம் 2.7 ஆம்பியர் கேட்பது, ஆட்டுக்குட்டியை வண்டியில் பூட்டுகிற மாதிரி. வேண்டாம் என்று விட்டோம்.

இரண்டு செல் சீரியலும் வேண்டாம். ஒரே செல். ஒன்றுதான் என்றால் ஒன்றை ஒன்று கெடுக்காது.

எந்த வகை என்பதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. உறையில் இருக்கிற எழுத்துக்கு அர்த்தம் உண்டு. ஐ.சி.ஆர். என்றால் கோபால்ட், ஐ.எம்.ஆர். மாங்கனீஸ், ஐ.என்.ஆர். நிக்கல் கலந்தது, ஐ.எஃப்.ஆர். இரும்பு பாஸ்பேட். நண்பர்கள் இரண்டு பேரும் நிக்கல் வகையில் 3000 எம்.ஏ.எச். செல்தான் வேண்டும் என்றார்கள். சாம்சங், எல்.ஜி., 2017-ல் சோனியின் பேட்டரித் தொழிலை வாங்கின முராட்டா என்று நல்ல கம்பெனிகள் செய்கின்றன. கணக்குப்படி ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேலே ஓடும். கரண்டும் தாராளமாகத் தரும். எல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் அந்தக் கம்பெனிகளே இந்த செல்லைத் தனியாகக் கையாளாதீர்கள், பாதுகாப்பு சர்க்யூட்டோடு பேக்குக்குள் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்கின்றன. சர்க்யூட் ஒட்டின செல்லும் கிடைக்கிறது, நீளம் 70 மில்லிமீட்டர் பக்கம் வரும், குழாயை அதற்குத் தகுந்த மாதிரி கடைய வேண்டும்.

நான் இரும்பு பாஸ்பேட்தான் என்று பிடிவாதமாக நின்றேன். தழும்பு என் கையில் இருக்கிறதே! அதில் வோல்டேஜ் 3.2 தான். 1500 எம்.ஏ.எச். செல்லில் முப்பத்தைந்து நிமிஷம் போல ஓடும், அவ்வளவுதான். ஆனால் பாஸ்பேட்டுக்குள் ஆக்சிஜன் இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கிறது, சூடானாலும் லேசில் விடாது. தப்பு நடந்தால் அதுவும் புகையும், ஆனால் கோபால்ட் மாதிரி பாய்ந்து பிடிக்காது. ஒரு பேட்டர்னில் நம்பர் எழுத இரண்டு நிமிஷம் ஆகிறது. முப்பத்தைந்து நிமிஷம் எதற்குப் பத்தாது? நண்பனின் அப்பா என் பக்கம் நின்றார். ஷாப் முழுக்க மரத்தூள் கிடக்கிறதே சாமி, அதில் எது கம்மியாக எரியுமோ அதையே போடு என்றார். விவாதம் அத்தோடு முடிந்தது.

வாங்கும்போது டேட்டா ஷீட் கேட்டு வாங்கினோம். கடைசி நிமிஷக் கரண்ட் எங்களுக்கு 2.9 ஆம்பியர். அதைப் போல இரண்டு மடங்காவது தொடர்ந்து தரக்கூடிய செல்லாகப் பார்த்தோம். இந்தியத் தர நிர்ணயப் பதிவு எண் உறையில் இருக்கிறதா என்று பார்த்தோம். தராசில் வைத்தோம், லோடு கொடுத்தோம், சொன்னதும் இருப்பதும் ஒத்துப்போனது. 2.8 வோல்டில் டிரைவரே நின்றுபோகிற மாதிரி ஒரு கட்-ஆஃப். சார்ஜரும் தனி. இரும்பு பாஸ்பேட்டுக்கு 3.65 வோல்டோடு நிறுத்த வேண்டும். சாதாரண 4.2 வோல்ட் சார்ஜரில் போட்டால் வாங்கின பாதுகாப்பு எல்லாம் வீண். பின்மூடியில் மெல்லிய ரப்பர் அடைத்த துளைகள், வாயு வந்தால் கைக்கு எதிர்ப்பக்கம் போகும்படி. டயோடுக்குப் போகிற 6.75 வாட்டில் ஐந்து வாட் சூடாகத்தான் வருகிறது. அது செல்லுக்குப் போகாமல் இருக்க நடுவே ஒரு பேக்கலைட் தடுப்பு. முன்னால் மரத்தின்மேல் படிந்து உட்காருகிற மூடாப்பு, மரத்தை விட்டுத் தூக்கினால் மைக்ரோ சுவிட்ச் லேசரை அணைத்துவிடும். இருந்தாலும் 450 நானோமீட்டருக்கான கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்று மேடம் கண்டிஷன்.

இதையெல்லாம் முடிக்க எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. நாயுடு அவர்கள் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நம்மைப் போன்ற மாணவர்களைப் பற்றி அவருக்கு ஒரு தனி எண்ணம் இருந்தது. 1944-ல் தன் மோட்டார் தொழிலிலிருந்து ஒதுங்கிக்கொண்டு, தொழிற்கல்விப் பக்கம் திரும்பினார். 1945-ல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியும் தொடங்கின. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பேர் அது. நாட்டிலேயே முதல் பாலிடெக்னிக் என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. ஆக, நாம் எல்லோரும் ஒரு வகையில் அவர் போட்ட பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். ஆனால் அவரால் அங்கே நீடிக்க முடியவில்லை. படிப்புக்கு நாலு வருடம் எதற்கு, இரண்டே வருடத்தில் வேலை தெரிந்த ஆளை உருவாக்கலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. முதல்வர் பொறுப்பை விட்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் பின்னால் தடாகம் ரோட்டுக்கு இடம் மாறி இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, நம்ம ஜி.சி.டி., ஆனது. பழைய இடத்துக்குப் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பீளமேட்டில் கண்டக்டர் இன்றைக்கும் ஹோப்ஸ் காலேஜ் எறங்கு என்றுதான் கத்துகிறார். இறங்கிப் பார்த்தால் அந்தக் காலேஜ் இருக்காது.

இரண்டு வருடமா, நாலு வருடமா என்கிற வழக்கில் நான் யார் பக்கம்? ரூமில் செல் வெடிப்பதற்கு முன்னால் கேட்டிருந்தால் அவர் பக்கம்தான் என்று சொல்லியிருப்பேன். இப்போது கொஞ்சம் தயங்குகிறேன். மோட்டார் சைக்கிளைத் தப்பாகப் பூட்டினால் அது ஓடாது. தப்பு கண்ணுக்குத் தெரியும், திருத்தலாம். இந்த செல்லில் தப்பு செய்தால், மூன்று நாள் நல்லபடியாக ஓடிவிட்டு நாலாம் நாள் சொல்லும். அப்படிப்பட்ட சாமானுக்கு முன்னால் உட்கார்ந்து படிக்கிற நேரம் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. நாயுடு அவர்கள் 1974 ஜனவரி 4-ஆம் தேதி காலமானார். சோனி முதல் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991-ல்தான். பதினேழு வருட வித்தியாசம். அவர் கையில் ஒரு 18650 செல்லைக் கொடுத்திருந்தால் ஹேக்ஸாவை எடுத்திருப்பாரா, தராசை எடுத்திருப்பாரா? பஸ் நேரத்துக்குக் கணக்கு வைத்தவர், தராசைத்தான் எடுத்திருப்பார் என்பது என் கட்சி. அப்பாரு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். ரெண்டையும் எடுத்திருப்பாராம்.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் லேசரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்மூடியில் எதற்குத் துளை என்று மட்டும் கேட்டார். நான் கையை விரித்துக் காட்டினேன். முழு மார்க்.

அந்த மெஷின் இப்போது கணபதியில் வேலை செய்கிறது. அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் கட்டி, 2025 அக்டோபரில் நாயுடு அவர்கள் பேரையே வைத்துத் திறந்தார்கள். செல்லை மாற்ற வேண்டியிருந்தால் நண்பன் அந்தப் பாலத்தின் மேலேதான் பைக்கில் வருகிறான். பழைய செல்லின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, தகர டப்பாவில் மணலுக்குள் புதைத்து, இ-வேஸ்ட் எடுப்பவரிடம் கொடுக்கிறோம். குப்பைத் தொட்டியில் போடுவதில்லை.

செல்வபுரம் மாமா பழைய தராசு ஒன்றை எங்கள் லேபுக்கே கொடுத்துவிட்டார். மெஷின்ஸ் லேபில் இடது பக்க பீரோ, இரண்டாவது தட்டு. பிராஜெக்ட்டுக்கு செல் வாங்குகிற தம்பி தங்கைகள் வாங்கினதும் முதலில் அங்கே வாங்க. சாவி லேப் அண்ணனிடம் இருக்கிறது. மத்தியானம் டீ குடிக்கப் போயிருப்பார், மூணரைக்கு மேலே வந்தால் ஆள் இருப்பார்.